லூக்காவில் ஓடியவன்

அத்தியாயம் நான்கு

"ஒத்துக்கிட்டான் லா! அவன் வாயாலேயே ஒத்துக்கிட்டான்!"

செல்லப்பன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் போட்டான். லூயிஷாம் சந்தைக்கு மேலே, வாழைக்காயும் முருங்கைக்காயும் விற்கிற கடையின் மாடியில் இருந்தது டொலறஸின் துப்பறியும் அலுவலகம். மூன்று நாற்காலி, ஒரு மேசை, நினைத்தால் மட்டும் சூடாகிற ஒரு ஹீட்டர். கீழே தள்ளுவண்டிக்காரன் "பவுண்ட் எ பவுல்!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்த பவித்திரன் விருட்டென்று எழும்பினான்.

"நான் ஒண்டும் ஒத்துக்கொள்ளேல்லை அண்ணை! எத்தினை தரம் சொல்லுறது? செய்யாத வேலைக்கு நான் கையெழுத்துப் போட மாட்டன்!"

"இரும் தம்பி," என்றார் டொலறஸ். "அவர் கெட்டிக்காரர்தான். என்ன, கெட்டித்தனம் கொஞ்சம் லேட்டாத்தான் வரும்."

டொலறஸ் பன்னிரண்டு வருஷம் லண்டன் தெருக்களில் டிராஃபிக் வார்டனாக நின்றவர். கார்க்காரர்கள் அவிழ்த்துவிடுகிற பொய்களை மழையிலும் குளிரிலும் கேட்டுக் கேட்டு, பொய்யின் வாசனை பிடிக்கப் பழகியபிறகு இந்தத் தொழிலுக்கு வந்தவர். செல்லப்பன் மலேசியாவில் ஈப்போவில் பிறந்து, லண்டனுக்குப் படிக்க வந்து, பதின்மூன்று வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் பார்த்தவன். அந்த வேலை போய் ஆறு வாரமாக டொலறஸுக்கு உதவியாளன். சம்பளம் குறைவு, பேச்சு அதிகம்.

வழக்கு இதுதான். டெப்ட்ஃபோர்டில் ஸ்ரீஸ்கந்தராஜா என்பவர் ஒரு சுற்றுலாக் கம்பெனி நடத்துகிறார். வெள்ளைக்காரப் பயணிகள் பன்னிரண்டு பேரை இத்தாலியில் லூக்கா என்ற பழைய நகரத்துக்குக் கூட்டிப்போய், இரவில் மின்சாரச் சைக்கிளில் ஏற்றி, ஊரைச் சுற்றிக் காட்டுவது அவருடைய தொழில். 2008 செப்டெம்பரில் நடந்த பயணத்தில் சைக்கிள்களை வேனில் ஏற்றிக் கொண்டுபோன மெக்கானிக் பவித்திரன். அங்கே கடைசி இரவில் ஒரு கறுப்புச் சைக்கிள் காணாமல் போனது. அது புது மாடல். தயாரித்த கம்பெனி பரிசோதனைக்காக இரவல் கொடுத்தது. அதே இரவில் முதலாளியின் போனும் காணாமல் போனது. அன்று விடியும்வரை பவித்திரனையும் ஹோட்டலில் காணவில்லை.

பிறகென்ன? லண்டனுக்குத் திரும்பியதும் இன்சூரன்ஸ்காரர் வந்தார். பவித்திரனின் ஆங்கிலம் ஸ்பேனர், ஸ்க்ரூ அளவோடு நிற்கிறது. அதனால் தொலைபேசியில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை வைத்து அவனை விசாரித்தார்கள். முழுவதும் சிடியில் பதிவாகியிருந்தது.

இப்போது முதலாளி ஒரு கடிதத்தைத் தயாராக வைத்திருக்கிறார். 'நான்தான் எடுத்தேன்' என்று பவித்திரன் இன்று மாலை ஐந்து மணிக்குள் கையெழுத்திட்டால் வேலை போவதோடு முடியும். இல்லாவிட்டால் பொலிசுக்கு ஒரு கடிதம், குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்கு ஒரு கடிதம். அகதியாக வந்து ஒன்பது வருஷம் கழித்து அவன் போட்ட குடியுரிமை விண்ணப்பம் குரோய்டனில்தான் கிடக்கிறது. கள்வன் என்று அங்கே ஒரு தாள் போனால் அது அப்படியே குப்பைக்குப் போய்விடும்.

"சிவமலரும் கையெழுத்தைப் போடுங்கோ எண்டுதான் அழுகிறா," என்றான் பவித்திரன். சிவமலர் அவன் மனைவி, ஏழு மாதக் கர்ப்பிணி. "கோயில் சனமும் அதைத்தான் சொல்லுது. பெரிய மனுசரோட ஏன் கொழுவுறாய் எண்டு கேக்குது. நான் போட மாட்டன் அக்கா. என்ர பிள்ளை கள்ளன்ர பிள்ளையாப் பிறக்காது."

டொலறஸ் மேசையிலிருந்த தாளைச் செல்லப்பனிடம் தள்ளினார். "பதிவில என்ன கேட்டுது? வாசியுங்கோ."

ஆங்கில அறிக்கையைச் செல்லப்பன் தமிழாக்கிப் படித்தான். "'போன் விஷயம் என்ன?' கேள்வி. 'ஆமாம், போனை எடுத்தேன். அவர்கிட்ட நிறைய கதை விட்டேன். அப்புறம் சைக்கிளை எடுத்துக்கிட்டு விடியற வரைக்கும் ஓடினேன்.' இதுக்கு மேல என்னா வேணும்? நான் தமிழ்லேயும் கேட்டேன் அக்கா. 'போன் எடுத்தனான், கதைச்சனான், சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினனான்.' வரிக்கு வரி சரியா இருக்கு."

"அப்பிடியோ? சரி. செல்லப்பன், எனக்கு ஒருக்கா போன் எடுங்கோ."

செல்லப்பன் மேசையில் கிடந்த டொலறஸின் கைத்தொலைபேசியை எடுத்து மரியாதையாக நீட்டினான்.

பவித்திரன் மூன்று வாரத்துக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தான்.

"பிடிபட்டீங்கள்," என்றார் டொலறஸ். "என்ர போனைக் களவெடுத்திட்டீங்கள்."

"நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க!"

"நான் எனக்குக் கோல் பண்ணச் சொன்னனான். யாழ்ப்பாணத்தில போன் எடுக்கிறது எண்டால் நம்பரை அமத்திக் கூப்பிடுறது. கதைக்கிறது எண்டால் பேசுறது, கதை விடுறதில்லை. சைக்கிள் ஓடுறது எண்டால்..."

செல்லப்பன் நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டான். "ஓட்டறது! ஐயோ ஆண்டவா! 'முதலாளிக்குப் போன் பண்ணினேன், பேசினேன், சைக்கிளை எடுத்துக்கிட்டு விடியற வரைக்கும் ஓட்டினேன்.' நல்ல வேளை அக்கா, நான் ஜட்ஜ் ஆகலை. ஆகியிருந்தா யாழ்ப்பாணம் பூரா ஜெயில்ல இருந்திருக்கும்."

"காணாமல் போன சைக்கிளைத் தேடித்தான் அண்ணை ஓடினனான்," என்றான் பவித்திரன். "ஏழாம் நம்பர்ச் சைக்கிளில ஓடினனான். விடிய அதைக் கொண்டுவந்து ஒழுங்கா விட்டனான்."

டொலறஸ் அவனுடைய போன் பில்லை எடுத்து ஒரு வரியில் விரலை வைத்தார். "இஞ்ச பாருங்கோ. இரவு ஒண்டு நாப்பதுக்கு இவர் முதலாளிக்கு எடுத்த கோல். பதினொரு நிமிசம். முதலாளி என்ன சொல்லுறார்? பத்து மணிக்கே தன்ர போனை இவர் களவெடுத்திட்டார் எண்டுறார். தான் களவெடுத்த போனுக்குத் தானே கோல் எடுத்து, பதினொரு நிமிசம் தன்னோடயே கதைக்கிற கள்ளனை நான் இண்டைக்குத்தான் காணுறன்."

"முதலாளிதான் கதைச்சவர்," என்றான் பவித்திரன். "ஹோட்டலில நித்திரை எண்டவர். பொலிசுக்குப் போக வேண்டாம் எண்டவர். எந்தத் தெருவில நிக்கிறாய், அடுத்து எங்கை போகப்போறாய் எண்டு கேட்டுக்கேட்டு, கடைசியா ஆத்தங்கரைப் பக்கம் போ எண்டவர்."

"விசாரணை அறையில ஆர் ஆர் இருந்தது?"

"நான், இன்சூரன்ஸ்காரர், முதலாளி. மொழிபெயர்க்கிற அக்கான்ர குரல் ஸ்பீக்கரில வந்தது."

"மொழிபெயர்க்கிற அந்தம்மா பேரு பிள்ளை போல," என்று செல்லப்பன் தன் பங்குக்குச் சொன்னான். "ஒரு இடத்துல ஆமாங்கிறதுக்கு மெல்லிசா 'ஓம் பிள்ளை'ன்னு சத்தம் வருது. மத்த இடமெல்லாம் 'ஓம் அக்கா, ஓம் அக்கா'தான்."

டொலறஸ் ஹெட்போனைத் தன் காதில் மாட்டி அந்த இடத்தை நான்கு தரம் கேட்டார். பிறகு எதையோ துண்டுத்தாளில் குறித்துக் கைப்பைக்குள் போட்டு, கோட்டை மாட்டினார்.

"வெளிக்கிடுங்கோ. அந்த அம்மாவின்ர வாயால சரியான தமிழ் வரவேணும். நான் சொன்னால் இன்சூரன்ஸ்காரன் கேக்க மாட்டான். நேரம் ஒண்டரை. ஐஞ்சு மணிக்கு முதல் டெப்ட்ஃபோர்டில நிக்கவேணும்."

"பசியாறவே இல்லைக்கா!"

"ட்ரெயினில ஒரு வாழைப்பழம் சாப்பிடலாம்."

பழைய சகா ஒருவனிடம் பேசி மொழிபெயர்ப்பாளரின் விலாசத்தைச் செல்லப்பன் வாங்கினான். அதற்கு அவன் எத்தனை பொய் சொன்னான் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. குரோய்டன் பக்கம்தான். எல்மர்ஸ் எண்டில் இறங்கி ட்ராமுக்கு மாறினார்கள்.

ட்ராமில் டொலறஸ் பவித்திரனுக்கு எதிரே உட்கார்ந்தார். "தம்பி, ஊர் சின்னது எண்டு கேள்வி. சைக்கிளைத் தேட இரவு முழுக்க எதுக்கு? இதைத்தான் எல்லாரும் கேப்பினம். எனக்கு உண்மையைச் சொல்லும்."

பவித்திரன் சன்னலுக்கு வெளியே பார்த்தான். முகம் சிவந்துவிட்டது. களவுப் பழி சுமத்தியபோதுகூட அவன் இவ்வளவு கூச்சப்படவில்லை.

"அக்கா, அந்த ஊரைச் சுத்தி மதில் ஒண்டு இருக்கு. மதில் எண்டால் எங்கட மதில் மாதிரி இல்லை. மேல றோட்டே போகுது, ரெண்டு பக்கமும் பெரிய மரம். ஒரு சுத்து நாலு கிலோமீட்டர். ரெண்டு சுத்து வடிவாத் தேடினனான். பேந்து கீழ இறங்கி ஒழுங்கையெல்லாம் பாத்தனான். முட்டை மாதிரி வட்டமா ஒரு சதுக்கம். அதுக்குள்ள ஒருத்தரும் இல்லை, என்ர சைக்கிள் மோட்டர் மட்டும் இரையுது. ஒரு கோபுரம் இருக்கு அக்கா, அதின்ர உச்சியில மரம் நிக்குது! கோபுரத்துக்கு மேல மரம்! நான் நிண்டு அண்ணாந்து பாத்தனான்."

"அப்புறம்?" என்றான் செல்லப்பன்.

"அப்புறம் சைக்கிளை மறந்துபோனன் அண்ணை." அவன் குரல் தாழ்ந்தது. "பகலில வேன், பூட்டு, சார்ஜர் எண்டு என்ர வேலை. இரவில வெள்ளைக்காரர் ஓடுவினம், நான் வாசலில காவல் நிப்பன். மூண்டு நாளா அந்த ஊரில நிண்டும் ஊரைப் பாக்கேல்லை. அண்டைக்குத்தான் பாத்தனான். எங்கட ஊரில இரவில வெளிய வந்தால் ஊரடங்கு, ஆமிச் சென்ட்ரி, அடையாள அட்டையை எடு. லண்டனில இரவெண்டால் ஷிப்ட். அங்கை ஒருத்தனும் என்னை மறிக்கேல்லை, ஆர் நீ எண்டு கேக்கேல்லை. திரும்பவும் மதிலில ஏறி மூண்டு சுத்துச் சும்மா ஓடினன். சந்தோசமா ஓடினன். இதை எப்பிடி இன்சூரன்ஸ்காரனுக்குச் சொல்லுறது? மற்றவன்ர சாமான் துலைஞ்சு கிடக்க, இவன் உல்லாசம் போனவன் எண்டுதானே நினைப்பினம்?"

செல்லப்பனுக்கு இவனைப் போய்க் கள்ளன் என்றேனே என்று மனசு குறுகுறுத்தது. பாதி வாழைப்பழத்தைப் பிய்த்து அவனிடம் நீட்டினான்.

"சந்தோசமா இருந்தது குற்றமில்லை தம்பி," என்றார் டொலறஸ். "ஆரும் கேட்டால் தலையை நிமித்திச் சொல்லும்."

குடிவரவு அலுவலகத்தின் பெரிய கட்டடம் தெரிந்ததும் பவித்திரன் வழக்கமாக மறுபக்கம் திரும்பிக்கொள்வான். இன்று அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டு வந்தான்.

மொழிபெயர்ப்பாளர் குமுதா, ஐம்பத்தைந்து வயது, திருச்சிக்காரர். கதவைத் திறந்து விஷயத்தைக் கேட்டதும் முகம் கடுத்துவிட்டது.

"இருபது வருஷமா இந்த வேலை பாக்கிறேங்க. என் இங்கிலீஷ்ல ஒருத்தர் தப்பு சொன்னதில்லை."

"உங்கட இங்கிலீசில பிழை இல்லை. தமிழிலதான்," என்றார் டொலறஸ்.

கதவு பாதி மூடிவிட்டது. செல்லப்பன் காலை உள்ளே வைத்தான். "அம்மா, கோவிச்சுக்காதீங்க. நானும் இதே தப்பைத்தான் பண்ணேன். இன்னிக்கு இவங்க போனையே திருடிட்டேன்." நடந்ததை அபிநயத்தோடு சொன்னான். தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்ட இடத்தை இரண்டு தரம் நடித்துக் காட்டினான். கதவு மெல்லத் திறந்தது.

குமுதா சோபாவில் உட்கார்ந்து அறிக்கையை மறுபடி படித்தார். "அடப்பாவமே! ஆனா நான் கேட்டேனே! 'ஓடினேன்னா ரன் தானே?'ன்னு சந்தேகப்பட்டுத் தமிழ்லயே கேட்டேன். ஓம்னு பதில் வந்துச்சு. அதனாலதான் அப்படிச் சொன்னேன்."

"அந்தக் கேள்வி எனக்குக் கேக்கேல்லை அக்கா," என்றான் பவித்திரன் பதறி. "அப்ப இன்சூரன்ஸ்காரர் எனக்கு ஏதோ படம் காட்டிக்கொண்டிருந்தவர். கேட்டிருந்தால் நான் ஓம் எண்டுவனே?"

"அப்ப ஓம்னு சொன்னது யாரு?"

டொலறஸ் வேறொன்று கேட்டார். "உங்கட முழுப்பேர் என்ன அம்மா?"

"குமுதா ராகவன்."

"பிள்ளை இல்லையா?" என்றான் செல்லப்பன் ஏமாற்றத்தோடு.

"ரெண்டு பொண்ணுங்க. ஏன் கேக்கிறீங்க?"

டொலறஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இன்னும் ஒண்டு. அறிக்கையில 'லைனில் ஏதோ சத்தம்' எண்டு ஒரு வரி இருக்கு. தமிழில இவர் என்ன சொன்னவர்?"

குமுதா யோசித்தார். "கீக் கீக்னு சத்தம் வந்துதுன்னாரு. முதலாளி பேசும்போது அரை நிமிஷத்துக்கு ஒருக்கா கீக் கீக்னு கேட்டுதாம். போன் கோளாறுன்னு நினைச்சு நான் சுருக்கிட்டேன்."

டொலறஸ் பவித்திரனின் பக்கம் திரும்பினார். அவன் வாயைப் பிளந்துகொண்டிருந்தான்.

"அக்கா, அது... அவற்ற போனில பற்றரி முடியுதாக்கும் எண்டுதான் நினைச்சனான்..."

"இப்ப என்ன நினைக்கிறீர்?"

"கறுப்புச் சைக்கிள்! அதுக்குத்தான் அந்தச் சத்தம் இருக்கு! சார்ஜ் முடியப்போனால் கத்தும். மற்றதுகளுக்கு லைட் மட்டும்தான்!"

குமுதா பேனாவை எடுத்தார். "நான் எழுதித் தர்றேன். ஒவ்வொரு வரியும் திருத்தி, கையெழுத்துப் போட்டுத் தர்றேன். இனிமே எனக்கு வேலை கொடுக்க மாட்டாங்க. போகட்டும். ஒரு புள்ளையோட வாழ்க்கையைக் கெடுத்துட்டு இந்த வயசுல நான் என்ன சம்பாதிக்கப்போறேன்?"

டெப்ட்ஃபோர்டில் ரயில் பாலத்தின் வளைவுக்கு அடியில் இருந்தது ஸ்ரீஸ்கந்தராஜாவின் கம்பெனி. முன்னால் கண்ணாடி, பின்னால் பட்டறை. குமுதா எழுதிக்கொடுத்த தாளோடு மூவரும் உள்ளே நுழைந்தபோது ஐந்து மணிக்குப் பதினெட்டு நிமிடம் இருந்தது.

முதலாளிக்கு அறுபத்திரண்டு வயது, மடிப்புக் கலையாத கோட், நெற்றியில் சந்தனம். கோயில் திருவிழாவில் முன்வரிசையில் நிற்கிறவர். "வாங்கோ பிள்ளை, இருங்கோ," என்று டொலறஸை வரவேற்றார். செல்லப்பன் திடுக்கிட்டு டொலறஸைப் பார்த்தான். டொலறஸ் கண்ணால் அவனை அடக்கினார்.

"கையெழுத்துப் போட வந்தியோ தம்பி?" ஸ்ரீஸ்கந்தராஜா கடிதத்தைத் தள்ளினார். "நல்ல முடிவு. எங்கட சனத்துக்குள்ள முடிஞ்சுது."

"முதல்ல ஒரு சைக்கிளைப் பாக்கவேணும்," என்றார் டொலறஸ். "அந்தக் கறுப்பு மாடலில இன்னொண்டு லண்டனில நிக்குதாமே?"

கண்ணாடிக்குப் பக்கத்தில் தூசி படிந்து நின்றது அது. செல்லப்பன் அதில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான்.

கீக் கீக்.

"மூண்டு கிழமையா ஒருத்தரும் சார்ஜ் போடேல்லை," என்று பவித்திரன் முணுமுணுத்தான். முதலாளியின் முகத்தைவிடச் சைக்கிளின் பற்றரிதான் அவனுக்குக் கவலையாக இருந்தது.

"இந்தச் சத்தத்தைத்தான் இரவு ஒண்டு நாப்பதுக்கு இவர் உங்கட போனுக்குள்ளால கேட்டவர்," என்றார் டொலறஸ். "நீங்கள் ஹோட்டல் கட்டிலில நித்திரை. கறுப்புச் சைக்கிளும் போர்த்துக்கொண்டு பக்கத்தில படுத்திருந்ததோ ஐயா?"

கீக் கீக்.

"அதை நிப்பாட்டும்!" என்று கத்தினார் ஸ்ரீஸ்கந்தராஜா.

"சாவி சிக்கிக்கிச்சு சார்," என்றான் செல்லப்பன். சாவி சுகமாக அவன் விரலுக்கிடையில்தான் இருந்தது.

ஸ்ரீஸ்கந்தராஜா கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "இவன் தன்ர வாயால ஒத்துக்கொண்டவன். பதிவு இருக்கு. போனை எடுத்தன், சைக்கிளோட ஓடினன் எண்டு சொன்னவன்!"

"மொழிபெயர்த்த அம்மா திருச்சி. அவவுக்கு எங்கட தமிழ் விளங்கேல்லை, அது அவவின்ர பிழை இல்லை. விளங்கேல்லை எண்டுதான் 'ரன் தானே' எண்டு கேட்டவ. ஓம் எண்டு ஒரு பதில் வந்தது. போனில கேக்கிறவவுக்கு அறைக்குள்ள ஆர் வாய் திறந்தது எண்டு தெரியாது." டொலறஸ் கைப்பையிலிருந்த துண்டுத்தாளை எடுத்தார். "இவர் அந்தப் பதிவில பத்தொன்பது தரம் ஓம் சொல்லுறார். பத்தொன்பதும் 'ஓம் அக்கா'. தன்னைவிட மூத்தவவை இவர் வேறெப்பிடிக் கூப்பிடுறது? ஒரே ஒரு ஓம் மட்டும் 'ஓம் பிள்ளை, ரன்தான்'. முப்பத்தொரு வயசுப் பெடியன் ஐம்பத்தைஞ்சு வயசு மனுசியைப் பிள்ளை எண்டு கூப்பிடுவானோ? அது நீங்கள். என்னைக் கண்டவுடனும் 'வாங்கோ பிள்ளை' எண்டுதானே சொன்னனீங்கள்."

செல்லப்பனுக்கு இப்போதுதான் புரிந்தது. பெயர் என்று அவன் நினைத்தது, மூத்தவர் இளையவரைக் கூப்பிடுகிற முறை! இன்சூரன்ஸில் பதின்மூன்று வருஷம் குப்பை கொட்டியும் இப்படியொரு கைரேகையை அவன் பார்த்ததில்லை.

பவித்திரன் முதலாளியின் மேசைக்கு முன்னால் போய் நின்றான்.

"அவவுக்கு விளங்கேல்லை. இன்சூரன்ஸ்காரனுக்கு விளங்கேல்லை. உங்களுக்கு விளங்கினதுதானே? நீங்கள் பருத்தித்துறை, நான் அச்சுவேலி. ஓடினன் எண்டால் என்னெண்டு தெரிஞ்சு கொண்டுதானே ஓம் எண்டனீங்கள்?"

ஸ்ரீஸ்கந்தராஜா கதிரையில் சாய்ந்தார். சைக்கிள் மறுபடி கீக் கீக் என்றது.

"அண்டைக்கு ரெண்டு கிளாஸ் வைன் குடிச்சனான்," என்றார் கடைசியில். "ஒவ்வொரு பயணத்திலயும் மற்றவையளை ஏத்திவிட்டு முன்னால கதைச்சுக்கொண்டு போறதே என்ர சீவியம். தனிய ஒருக்கா ஓடிப் பாக்க ஆசை. கறுப்பை மெக்கானிக்கைத் தவிர வேற ஆரும் ஓடக்கூடாது எண்டு கம்பெனிக்காரனோட ஒப்பந்தம். நீ கோல் எடுத்த நேரம் நான் மதிலுக்கு மேலதான் நிண்டனான். எதிர்ப்பட்டிடுவியோ எண்டு பயந்துதான் ஆத்துப்பக்கம் போகச் சொன்னனான். பேந்து சார்ஜ் முடிஞ்சு சைக்கிள் நிண்டிட்டுது. எருமை மாதிரிப் பாரம். இறக்கத்தில உருட்டேக்க கையை விட்டுப் போய் வாய்க்காலுக்குள்ள விழுந்திட்டுது. முன்கூடையில கிடந்த போனும் அதோட போச்சு. குடிச்சிட்டு விழுத்தினனான் எண்டு நான் ஆருக்குச் சொல்லுறது? கோயிலில எப்பிடி முழிக்கிறது?"

"அதுக்கு என்ர தலையோ?"

"பொலிசுக்குப் போயிருக்க மாட்டன் தம்பி. சும்மா வெருட்டினனான். சரி, விடு. இந்தக் கடிதத்தைக் கிழிப்பம். இன்சூரன்ஸ்காரனுக்கு, ஏதோ மிஸ்அண்டஸ்டாண்டிங் எண்டு நான் பதமாச் சொல்லிவிடுறன். எங்கட சனத்தின்ர பேர் வெளியில நாறக்கூடாது, என்ன பிள்ளை?" என்று டொலறஸின் பக்கம் திரும்பினார்.

டொலறஸ் கையைக் கட்டிக்கொண்டார். "என்னைக் கேக்காதேங்கோ. வழக்கு இந்தத் தம்பியின்ர."

பவித்திரன் மேசையிலிருந்த தொலைபேசியை முதலாளியின் முன்னால் இழுத்து வைத்தான். ஸ்பீக்கர் பொத்தானை அமத்தினான்.

"ஐஞ்சு மணிக்கு இன்னும் எட்டு நிமிசம் இருக்கு. இன்சூரன்ஸ்காரர் கந்தோரில இருப்பார். இப்ப சொல்லுங்கோ. இங்கிலீசில சொல்லுங்கோ. களவு இல்லை, நான்தான் விழுத்தினனான் எண்டு சொல்லுங்கோ. பவித்திரன் விடியுமட்டும் சைக்கிள் ஓடினவன், ஓடித் தப்பினவன் இல்லை எண்டு சொல்லுங்கோ. மிஸ்அண்டஸ்டாண்டிங் எண்ட சொல் எனக்கும் விளங்கும். அது வாயில வரக்கூடாது."

"தம்பி, நாலு பேர் அறிஞ்சால் நான்..."

"என்னைக் கள்ளன் எண்டு நாப்பது பேர் அறிஞ்சவை! மூண்டு கிழமையா என்ர மனுசி சந்தைக்குப் போகேல்லை. சொல்லுங்கோ!"

அவன் கத்தியதில் கண்ணாடி அதிர்ந்தது. செல்லப்பன் தன்னையறியாமல் சைக்கிளை விட்டு இறங்கி நின்றான்.

ஸ்ரீஸ்கந்தராஜா நம்பரை அமத்தினார். மறுமுனையில் இன்சூரன்ஸ்காரரின் குரல் வந்தது. முதல் வாக்கியம் தடுமாறியது. இரண்டாவதில் சந்தனம் வியர்வையில் கரைந்து மூக்குக்கு இறங்கியது. ஆனாலும் சொன்னார். குடித்தது, ஓடியது, விழுத்தியது, விசாரணை அறையில் தானே ஓம் சொன்னது எல்லாவற்றையும் தன் நாற்பது வருஷ லண்டன் ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னார். இன்சூரன்ஸ்காரர், திங்கட்கிழமை நேரில் வருவதாகவும், மெக்கானிக்கின் பெயரை நீக்கி அவருக்கு எழுத்தில் தருவதாகவும் சொல்லிவிட்டு வைத்தார். செல்லப்பன் அதைப் பவித்திரனுக்குத் தமிழில் சொன்னான். இந்தத் தடவை மிகவும் கவனமாகச் சொன்னான்.

ஸ்ரீஸ்கந்தராஜா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். அவருக்குப் பத்து வயது கூடிவிட்டதுபோல இருந்தது.

"வேற இடத்தில வேலைக்குப் போக நல்ல கடிதம் ஒண்டு தாறன் தம்பி. எங்கை கேட்டாலும் உனக்காகச் சொல்லுறன்."

"எனக்கெதுக்கு வேற இடம்?"

"இனி இஞ்ச எப்பிடி...?"

"நான் வேலையை விட்டுப் போனால், களவெடுத்ததால துரத்திப்போட்டாங்கள் எண்டுதான் சனம் கதைக்கும். நான் போக மாட்டன். திங்கக்கிழமை எட்டு மணிக்கு வருவன். அடுத்த மாசம் லூக்காவுக்கும் நான்தான் வேன் ஓடுவன். இரவில வாசலில காவல் நிக்க மாட்டன், வெள்ளைக்காரரோட சேர்ந்து நானும் சைக்கிளில வருவன்."

"ஒவ்வொரு நாளும் என்ர முகத்தை எப்பிடியடா பாப்பாய்?"

"நான் பாப்பன். நீங்கள்தான் பழகவேணும்."

சுவரில் மாட்டியிருந்த பட்டறைச் சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பவித்திரன் வெளியே நடந்தான்.